அத்தை வேஷம் காலியாக இருக்கிறதா?

தமிழ் மெகா சீரியலுக்குள் நுழைய முதல் தகுதி ஓர் உறவுமுறை. அம்மா, மாமியார், நாத்தனார், ஓரகத்தி, அண்ணி, பெரியம்மா, அத்தை. 1999-ல் 'சித்தி' வந்தபோது அந்தத் தலைப்பே ஓர் உறவுமுறைதான். அன்றிலிருந்து இன்றுவரை சீரியல் என்றாலே உறவுக்காரர்களின் சண்டை, உறவுக்காரர்களின் சமாதானம். வில்லிக்கும் உறவுமுறை உண்டு. சொல்லப்போனால் வீட்டிலேயே நெருங்கிய உறவுதான் பெரும்பாலும் வில்லி. வேலை செய்ய வருகிற அம்மாவுக்குக்கூட 'அக்கா' என்று ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது.

உறவுமுறையே இல்லாமல் வாசலோடு வந்து, ஒரே சீனில் திரும்பிப் போகிற மனுஷி ஒருத்தி இருக்கிறாள். திருநங்கை.

அவள் எப்போது வருகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். கதாநாயகிக்குக் கல்யாணம் நடக்கும்போது வருகிறாள். குழந்தை பிறக்கும்போது வருகிறாள். இரண்டு தட்டு கைதட்டல், தலையில் கை வைத்து ஓர் ஆசீர்வாதம், "உனக்கு நல்லதே நடக்கும்டி கண்ணு" என்று ஒரு டயலாக். பின்னணியில் வீணை. முடிந்தது. அவள் எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறாள், ராத்திரி சாப்பிட்டாளா என்பதெல்லாம் கதாசிரியருக்குத் தேவையில்லை. கதாநாயகியின் நல்ல மனசுக்கு ஒரு சர்ட்டிபிகேட் தேவைப்பட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இது முதல் வகை. இரண்டாவது வகை, சிக்னலில் காரை மறித்து ஹீரோவின் நண்பனை ஓட ஓட விரட்டும் காமெடி. மூன்றாவது வகை, ஆள் கடத்தும் கும்பலின் தலைவி. நான்காவதாக ஒன்று உண்டு. அது திருநங்கையே அல்ல. காமெடி ஷோவில் ஓர் ஆண் புடவை கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் சிரித்து உருளுவார்கள். ஓர் ஆண் பெண் வேஷம் போடுவது வேறு, திருநங்கையாக வாழ்வது வேறு என்று சேனலில் யாருக்குமே தெரியாதா? தெரியும். தெரிந்துதான் இரண்டையும் குழப்புகிறார்கள். அந்தக் குழப்பத்தில்தான் சிரிப்பே வருகிறது.

தினமும் வருகிற, பெயர் இருக்கிற, வேலை இருக்கிற, வீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற ஒரு திருநங்கைப் பாத்திரத்தை உங்களால் எத்தனை சீரியலிலிருந்து சொல்ல முடியும்? ஒரு கை விரல்களை எண்ண ஆரம்பித்து, எந்த விரலில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். திருநம்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதே நம் சீரியல்களுக்குத் தெரியாது.

"சினிமாவை விட்டுட்டு சீரியல் மேல ஏன் பாயறீங்க?" என்று கேட்கலாம்.

சினிமாவை விடவில்லை. 2000-ல் வந்த 'அப்பு'வில் பிரகாஷ்ராஜ் போட்ட வில்லன் வேஷம், 2015-ல் வந்த 'ஐ' படத்துக்கு எதிராகத் திருநங்கைகள் தெருவில் இறங்கிப் போராடியது எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் சினிமா இரண்டரை மணி நேரம். விளக்குப் போட்டதும் எழுந்து வந்துவிடுகிறோம். சீரியல் அப்படியில்லை. அது நம் ஹாலிலேயே குடியிருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு நாள், வருஷக் கணக்கில். 'கோலங்கள்' 2003-ல் ஆரம்பித்து 2009 வரை ஓடியது. அது தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, முடியும்போது ஏழாம் வகுப்பில் இருந்தது. கூடப் பிறந்தவர்களைவிட அபியை அதிக நாள் பார்த்த குடும்பங்கள் உண்டு.

சீரியல் பார்ப்பவர்கள் சும்மாவும் பார்ப்பதில்லை. அதோடு பேசுகிறார்கள். "அவ மட்டும் என் கையில கெடைச்சா..." என்று பல்லைக் கடிக்கிறார்கள். "இந்தப் பொண்ணு பாவம்" என்று மூக்கை உறிஞ்சுகிறார்கள். யாரைப் பார்த்துப் பரிதாபப்படுவது, யாரைப் பார்த்து முகம் சுளிப்பது, எந்த மருமகள் நல்ல மருமகள் என்கிற பாடம் எல்லாம் தினமும் அரை மணி நேரம் அங்கே நடக்கிறது. வருஷக் கணக்கில் நடக்கும் அந்தப் பாடத்தில் ஒரு கூட்டத்தையே விட்டுவிட்டால், அதுவும் ஒரு பாடம்தான்.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அதே ஹாலில், அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு நஷ்டம்.

ஆண் பிள்ளை என்று ஊர் சொல்கிறது. தான் பெண் என்று அதற்கு உள்ளுக்குள் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. டி.வி.யில் அந்தக் கைதட்டல் சத்தம் கேட்கிறது. பிள்ளை டி.வி.யைப் பார்ப்பதில்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அம்மா சிரிக்கிறாளா? "கருமம், இதையெல்லாம் காட்டுறானுங்க, மாத்துடா சேனலை" என்கிறாளா? இல்லை, "பாவம், பெத்தவங்க எப்படித்தான் விரட்டினாங்களோ" என்கிறாளா? அந்த ஒரு நிமிஷத்தில் அம்மா வாயிலிருந்து வருகிற ஒரு வரியை வைத்துத்தான் பிள்ளை முடிவு பண்ணும். இவளிடம் சொல்லலாமா, அல்லது இன்னும் இரண்டு வருஷத்தில் ரயில் ஏறிவிட வேண்டியதுதானா?

தமிழில் திருநங்கைகள் தாங்களே எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா', ரேவதியின் 'வெள்ளை மொழி'. படித்துப் பாருங்கள். நம்மில் பலர் பார்க்காத வேறு உலகத்தை அவை காட்டுகின்றன என்று நினைத்துக்கொண்டு திறப்பீர்கள். உள்ளே இருப்பது நமக்கு நன்றாகத் தெரிந்த அப்பா, அம்மா, அண்ணன், அடி, உதை, அழுகை. எல்லாம் வீட்டுக்குள் நடக்கிற கதை. சீரியலுக்கென்றே அளவெடுத்த கதை.

2019-ல் நாடாளுமன்றம் திருநர் உரிமைக்காக ஒரு சட்டம் போட்டது. திருநர் என்பதற்காகவே ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, வீட்டிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். அந்தச் சட்டத்தில் திருநர்களுக்கே பல குறைகள் உண்டு, அது தனிக் கதை. ஆனால் இந்த ஒரு விஷயம் நல்ல விஷயம். என்ன பிரயோஜனம்? சட்டம் சாயங்காலம் ஏழரை மணிக்கு ஹாலில் வந்து உட்காருவதில்லை. சீரியல் உட்காருகிறது.

இதைச் சொன்னால் சேனல்காரர்களிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். "ஆடியன்ஸ் ஏத்துக்க மாட்டாங்க சார்."

நம் ஆடியன்ஸ் எதையெல்லாம் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்ப்போமா? இரண்டு பெண்டாட்டிக்காரனை ஏற்றுக்கொண்டார்கள். செத்துப்போன கணவன் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டு வேறு முகத்தோடு வருவதை ஏற்றுக்கொண்டார்கள். இந்தியிலிருந்து டப்பிங் ஆகி வந்த 'நாகினி'யில் பாம்பு பெண்ணாகி, கல்யாணம் செய்துகொண்டு, மறுபடி பாம்பானதையும் ஏற்றுக்கொண்டார்கள். பாம்பு மருமகளுக்கு ஆரத்தி எடுத்த ஆடியன்ஸ், ஒரு மனுஷிக்குக் கதவைச் சாத்துவார்களாம். யாரிடம் கதை விடுகிறீர்கள்?

ஆடியன்ஸ் ஏற்கெனவே பரீட்சை எழுதி பாஸ் ஆகிவிட்டார்கள். 2008-ல் விஜய் டி.வி.யில் 'இப்படிக்கு ரோஸ்' வந்தது. ரோஸ் வெங்கடேசன் என்கிற திருநங்கை தொகுத்து வழங்கிய டாக் ஷோ. நம் குடும்பங்கள் வெளியே பேசத் தயங்கிய விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். டி.வி. பெட்டி ஒன்றும் வெடித்துவிடவில்லை. 2014-ல் கோவையிலிருந்து ஒளிபரப்பான லோட்டஸ் நியூஸில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். செய்தி செய்தியாகத்தான் இருந்தது. 2022-ல் தொடங்கிய பிக் பாஸ் ஆறாவது சீசனில் ஷிவின் கணேசன் இறுதிப் போட்டிவரை வந்து மூன்றாவது இடம் பிடித்தார். அவரை வாராவாரம் உள்ளே வைத்திருந்தது யார்? சேனல் முதலாளியா? வீட்டிலிருந்து ஓட்டுப் போட்ட ஜனங்கள். நூறு நாள் ஒரு திருநங்கை சமைத்ததையும், சண்டை போட்டதையும், அழுததையும் பார்த்துவிட்டு, இன்னும் இருக்கட்டும் என்று சொன்னவர்கள் இதே ஆடியன்ஸ்தான்.

ஆக, ஏற்றுக்கொள்ளாதது ஆடியன்ஸ் இல்லை. கதை இலாகா.

இந்தியில் ஒரு சீரியல் துணிந்தது. 'சக்தி' என்று கலர்ஸ் டி.வி.யில் 2016 முதல் 2021 வரை ஓடியது. கின்னர் மருமகளின் கதை. ஐந்து வருஷம் ஓடியது என்பதே "ஏத்துக்க மாட்டாங்க" கோஷ்டிக்கு ஒரு பதில். அதற்காகப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கதை எங்கே வழுக்கியது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கு இங்கே யாராவது எடுத்தால் அதே இடத்தில்தான் வழுக்குவார்கள்.

கதாநாயகி சௌம்யாவுக்குத் தான் யார் என்பதே தெரியாது. பிறந்தவுடன் அப்பா அவளைக் கொல்லப் பார்க்கிறார், அம்மா காப்பாற்றி ரகசியமாக வளர்க்கிறாள். கல்யாணமும் ஆகிவிடுகிறது. அப்புறம் ரகசியம் வெடிக்கிறது. சீரியலுக்கு இதைவிடத் தோதான கதை உண்டா? ரகசியம் இருக்கிறது, யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது என்கிற கண்ணாமூச்சி இருக்கிறது, ஒவ்வொரு முகமாக மூன்று முறை குளோசப் வைக்கலாம்.

ஆனால் பெரும்பாலான திருநங்கைகளின் கதை இது இல்லை. பிறக்கும்போதே உடலில் வேறுபாட்டோடு பிறப்பவர்கள் இடைப்பாலினர். அவர்கள் வேறு, திருநங்கைகள் வேறு. திருநங்கையின் கதையில் அம்மா மறைத்துவைத்த ரகசியம் எதுவும் கிடையாது. பிள்ளைக்குத் தெரியும், பிள்ளை சொல்கிறது. வாயால் சொல்ல முடியாமல் அக்காவின் தாவணியைக் கட்டிக்கொண்டு சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு சொல்கிறது. வீடுதான் காதைப் பொத்திக்கொள்கிறது. 'ரகசியம்' என்று எடுத்தால் பிள்ளை பேசவே வேண்டாம், மற்றவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். 'சொன்னாள், நாங்கள் கேட்கவில்லை' என்று எடுத்தால் குற்றவாளிக் கூண்டில் மொத்த குடும்பமும் ஏற வேண்டியிருக்கும். கதை இலாகாவுக்கு எது சௌகரியம் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொன்று. ஐந்து வருஷம் ஓடிய அந்தக் கதையின் சௌம்யாவாக நடித்த ரூபினா திலைக் திருநங்கை அல்ல. நல்ல நடிகை, நன்றாகவே செய்தார். ஆனால் நாயகி வேஷத்துக்கு ஒரு திருநங்கையைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

"நடிப்புன்னா யார் வேணா நடிக்கலாம் சார், டாக்டரா நடிக்கிறவன் எம்.பி.பி.எஸ். படிச்சிருக்கணுமா?" என்று உடனே ஒருத்தர் கையைத் தூக்குவார். நல்ல கேள்வி. யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்பது நிஜமாகவே இருந்தால் எனக்குச் சம்மதம். 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் வாழ்க்கையை வைத்துக் கன்னடத்தில் எடுத்த படத்தில் நடித்த சஞ்சாரி விஜய்க்கும் தேசிய விருது கிடைத்தது. இருவரும் ஆண்கள். சரி, யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். அப்படியென்றால் ஒரு திருநங்கை டாக்டராக நடிக்கலாம் இல்லையா? எதிர்வீட்டு லலிதாவாக? ஹீரோயினுக்கு பாஸாக? கதாநாயகனுக்கு அக்காவாக? அந்த வேஷங்களுக்கு ஆள் எடுக்கும்போது எந்தத் திருநங்கைக்குப் போன் போகிறது? அவளுடைய வேஷத்தை எல்லாரும் போடலாம், அவள் மட்டும் வேறு எந்த வேஷத்தையும் போடக் கூடாது. இதற்குப் பெயர் நடிப்புச் சுதந்திரம் இல்லை, ஒருவழிப் பாதை.

இங்கிலாந்தில் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்று ஒரு சீரியல். 1960-ல் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. நம்ம ஊர் சீரியல்கள் எல்லாம் அதற்குப் பேத்தி. மான்செஸ்டர் பக்கம் ஒரு சாதாரணத் தெரு, சாதாரண ஜனங்கள். 1998-ல் அந்தத் தெருவுக்கு ஹேலி என்று ஒரு பெண் வந்தாள். கூச்ச சுபாவம் உள்ள ராய் என்பவனோடு பழகினாள். பிறகு தான் திருநங்கை என்று அவனிடம் சொன்னாள். அவன் முதலில் திகைத்தான், பிறகு தேடிப் போனான். அதன்பிறகு என்ன? ஹேலி உள்ளாடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். புருஷனோடு டீக்கடையில் நின்றாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்துகளில் மூக்கை நுழைத்தாள். திருநங்கை என்பது அவளைப் பற்றிய ஒரு விஷயம், அவ்வளவுதான். பதினாறு வருஷம் அந்தத் தெருவில் வாழ்ந்து, 2014-ல் புற்றுநோய்க் கதையில் இறந்தாள்.

1999-ல் கதையில் அவர்கள் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தபோது பிரிட்டிஷ் சட்டம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சட்டப்படி இல்லாத ஓர் ஆசீர்வாதச் சடங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். 2004-ல் அங்கே சட்டம் வந்தது. 2010-ல் ராயும் ஹேலியும் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டார்கள். சீரியலால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கோர்ட்டு வாசலில் வருஷக் கணக்கில் நின்றவர்களால் வந்தது. ஆனால் சட்டம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பே, "இந்த ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன தப்பு?" என்று ஒரு தேசமே தன் ஹாலில் உட்கார்ந்து யோசித்துவிட்டது.

அங்கேயும் எல்லாம் சரியில்லை. ஹேலியாக நடித்தவர் திருநங்கை அல்ல. அந்தப் பாத்திரத்துக்கு ஆலோசனை சொன்ன ஆனி வாலஸ் ஒரு திருநங்கை. அவருக்கு 'ஹோலியோக்ஸ்' என்கிற இன்னொரு சீரியலில் முக்கிய வேஷம் கிடைத்தது 2015-ல்தான். பதினேழு வருஷம் கழித்து. என்ன வேஷம் தெரியுமா? பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை.

நமக்குப் பதினேழு வருஷம் எல்லாம் வேண்டாம். இந்தியாவிலேயே முதல்முதலாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. 2008-ல். மதுரையில் பிறந்து, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கிய நர்த்தகி நடராஜ் இங்கேதான் இருக்கிறார். உயர் நீதிமன்றம்வரை போய் வழக்காடி, 2017-ல் சப்-இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்ற பிரித்திகா யாஷினி இங்கேதான். 2019-ல் மதுரைக் கிளை ஒரு தீர்ப்புச் சொன்னது. தூத்துக்குடி கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்த வழக்கு. இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றால் அதில் திருநங்கையும் அடக்கம் என்றார் நீதிபதி. கல்யாணம், கோயில், தாலி, கோர்ட்டு, எதிர்ப்பு, கடைசியில் வெற்றி. இருநூறு எபிசோடுக்கான கதையைத் தீர்ப்பாகவே எழுதிக் கொடுத்துவிட்டது நீதிமன்றம். இன்னமும் சொல்வார்கள், "கதை இல்லை சார்."

உறவுமுறை இல்லாதவர்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேன். சீரியலில்தான் இல்லை. நிஜத்தில் அவர்களிடம் இருப்பது நம்மைவிட அதிகம். பெற்ற வீடு விரட்டிய பிள்ளையை மூத்த திருநங்கை ஒருவர் மகளாகத் தத்தெடுக்கிறார். அவர் அம்மா. அம்மாவுக்கு அம்மா பாட்டி. கூட வளர்ந்தவர்கள் அக்கா, தங்கை. அதற்குள் பாசம் இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, பொறாமை இருக்கிறது, சுரண்டலும் இருக்கிறது. ரத்த சம்பந்தம் இல்லாமல், சட்டத்தின் துணை இல்லாமல் கட்டிய குடும்பம் அது. குடும்பக் கதைக்காகக் கொரியாவரை தேடிப் போகிறவர்களின் கண்ணில் இது படவில்லை.

அவர்களைத் தெய்வமாகக் காட்டச் சொல்லவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெண்ணைத் தெய்வமாக்கி என்ன செய்தீர்கள் என்று இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தியாகம் செய்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துப்போகும் திருநங்கையும் வேண்டாம். அவள் கஞ்சத்தனம் பண்ணட்டும், புறணி பேசட்டும், ஏலச்சீட்டு நடத்தட்டும். வில்லியாகக்கூட இருக்கட்டும், அதே தொடரில் வில்லி அல்லாத இன்னொரு திருநங்கையும் இருந்தால்.

நான் கேட்பது மூன்றே விஷயங்கள். ஒன்று, ஒரு வருஷமாவது தொடர்ந்து வருகிற ஒரு பாத்திரம், ஓர் உறவுமுறையோடும் ஒரு வேலையோடும். இரண்டு, அந்த வேஷத்தில் ஒரு திருநங்கை நடிக்க வேண்டும், கதை பேசும் அறையிலும் ஒருவர் உட்கார வேண்டும், இருவருக்கும் மற்றவர்களுக்குத் தரும் சம்பளத்தைத் தர வேண்டும். மூன்று, 'ஒம்போது' என்று எண்ணைச் சொல்லிச் சிரிப்பதை நிறுத்த வேண்டும். எப்படி அழைப்பது என்று தெரியவில்லை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. உயர் நீதிமன்றம் சொல்லி, 2022-ல் தமிழக அரசே சொற்களைப் பட்டியல் போட்டு அரசிதழில் வெளியிட்டுவிட்டது.

வாசகர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை அந்தக் கைதட்டல் சீன் வரும்போது, சிரிப்பதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை ஒரு தரம் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர்களில் ஒருவர் உங்களிடம் சொல்லக் காத்திருக்கலாம்.

டைரக்டர் சார், புரொடியூசர் மேடம், பெரிய வேஷம் ஒன்றும் வேண்டாம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டே, "ஏண்டி, மாப்பிள்ளைக்கு சம்பளம் எவ்வளவாம்?" என்று கேட்கிற ஓர் அத்தை எல்லா சீரியலிலும் இருப்பாள் இல்லையா? அந்த அத்தை வேஷம் காலியாக இருந்தால் சொல்லுங்கள். ஆள் தயாராக இருக்கிறது.